பழங்குடி அரசுக்காக ஆய்வு: முதலில் தீர்மானம், பிறகு தரவு

2020 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் கோவிட் நிவாரணமாகப் பழங்குடி அரசுகளுக்கு 800 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 60 சதவீதத்தை மக்கள்தொகைப்படி பிரிப்பது என்று நிதித்துறை முடிவு செய்தது. அதற்கு வீட்டுவசதித் துறை வேறொரு மானியத்துக்காக வைத்திருந்த பட்டியலை எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் ஒக்லஹோமாவின் ஷானி பழங்குடிக்கு நேராக இருந்த எண் பூஜ்யம். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் தனக்கென்று ரிசர்வேஷன் (பழங்குடிக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதி) இல்லாததால், வீட்டுவசதிச் சூத்திரம் கேட்கும் நிலப்பகுதி அவர்களுக்கு இல்லை. பகுதி இல்லாததால் ஆட்களும் கணக்கில் வரவில்லை. கடைசியில் கிடைத்தது குறைந்தபட்சத் தொகையான ஒரு லட்சம் டாலர். பழங்குடி வழக்குத் தொடர்ந்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

அதே ஆண்டு வந்த அடுத்த நிவாரணச் சட்டத்தில் பழங்குடி அரசுகளுக்கு 2,000 கோடி டாலர். இந்த முறை நிதித்துறை வேறு வழியில் போனது. 100 கோடியைச் சமமாகப் பிரித்தது. மீதி 1,900 கோடியில் 65 சதவீதத்துக்கு உறுப்பினர் எண்ணிக்கையையும், 35 சதவீதத்துக்கு அந்த அரசிடம் வேலை செய்வோர் எண்ணிக்கையையும் அடிப்படையாக வைத்தது. உறுப்பினர் எண்ணிக்கைக்குப் பழங்குடி அரசே சான்றளித்தது. பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்த அரசுகள் சில நாட்களில் எண்ணைக் கொடுத்துவிட்டன. பழைய பதிவேடு வைத்திருந்தவை அவசர அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தது.

பழங்குடி அரசுகளுக்கான கொள்கை ஆய்வின் அடிப்படைக் கேள்வி இதுதான்: யாருடைய எண் செல்லும்? பழங்குடி அரசுகளின் கூட்டமைப்பான அமெரிக்க இந்தியர் (அமெரிக்கப் பூர்வகுடியினர்) தேசிய மாமன்றம் 1944இல் தொடங்கியது. அது 2003இல் தனக்கென ஒரு கொள்கை ஆய்வு மையத்தை அமைத்ததற்கும், பல பழங்குடிகள் சொந்தமாக ஆய்வு விதிகள் இயற்றியதற்கும் இந்தக் கேள்விதான் காரணம். புள்ளியியலோ பொதுச் சுகாதாரமோ படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எங்கெங்கே கால் இடறும் என்று கீழே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) அங்கீகாரம் பெற்ற 570க்கும் மேற்பட்ட பழங்குடிகள் ஒவ்வொன்றும் ஓர் அரசு. அவற்றின் உறுப்பினர்களைச் சட்டம் இனமாகப் பார்ப்பதில்லை, அரசியல் உறவுடைய குடிமக்களாகவே பார்க்கிறது. 1974இல் மார்ட்டன் எதிர் மன்காரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ இனத்தைக் கேட்கிறது. பதில் சொல்பவர் தன்னை எப்படி நினைக்கிறாரோ அதை எழுதிக்கொள்கிறது. 2020 கணக்கெடுப்பில் தனியாகவோ வேறு இனத்தோடு சேர்த்தோ செரோக்கி என்று எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். செரோக்கி அரசுகள் மூன்று. மூன்றின் உறுப்பினர்களையும் கூட்டினால் சுமார் ஐந்து லட்சம்தான் வரும். இரண்டு எண்ணும் பொய்யில்லை, இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்து எழுதிய அறிக்கையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

ஆகவே அட்டவணையைத் தொடுவதற்கு முன் வகுக்கும் எண் எது என்று எழுதி, பழங்குடியை ஆளும் மன்றத்திடம் ஒப்புதல் வாங்குங்கள். பதிவேட்டில் உள்ள உறுப்பினர்கள் ஒரு எண். ரிசர்வேஷனுக்குள் வசிப்பவர்கள் இன்னொன்று. அதில் உறுப்பினர் அல்லாதவர்களும் இருப்பார்கள். மருத்துவமனை, பள்ளி போன்ற சேவைகளைப் பெறத் தகுதியுள்ளவர்கள் மூன்றாவது; அதில் பக்கத்துப் பழங்குடியின் உறுப்பினர்களும் வருவார்கள். நீரிழிவு விகிதத்தை முதல் எண்ணால் வகுத்தால் ஒரு விடை, மூன்றாவதால் வகுத்தால் வேறு விடை. எது சரி என்பது கேள்வியைப் பொறுத்தது. மருத்துவ நிதி கேட்கப் போகிறோம் என்றால் மூன்றாவது. நகரத்துக்குக் குடிபெயர்ந்த உறுப்பினர்களுக்கு வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பும் திட்டம் என்றால் முதலாவது.

பதிவேடும் தானாகச் சுத்தமாக இருக்காது. இறந்தவர் பெயர் நீக்கப்படாமல் கிடக்கும். பிறந்த குழந்தையைப் பெற்றோர் இன்னும் பதிந்திருக்க மாட்டார்கள். முகவரி பத்து ஆண்டு பழையதாக இருக்கும். பதிவு அலுவலகத்தில் பெரும்பாலும் ஓரிருவர்தான் இருப்பார்கள், அவர்கள் மேல் ஏற்கெனவே மலைபோல வேலை. ஆய்வு நிதியில் அந்த ஊழியரின் நேரத்துக்குச் சம்பளம் ஒதுக்காமல் "பட்டியல் அனுப்புங்கள்" என்று கேட்பது தவறு. அவர்கள் செய்கிற சுத்திகரிப்புதான் ஆய்வின் உண்மையான அடித்தளம். ஆய்வு முடிந்த பிறகும் அரசுக்கு மிச்சமிருக்கப் போவதும் அதுதான்.

அதற்காகக் கணக்கெடுப்பு எண்களை ஒதுக்கிவிடவும் முடியாது. கூட்டரசு மானியச் சூத்திரங்கள் பல அவற்றில்தான் ஓடுகின்றன. அவற்றின் குறைகளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். 2020 கணக்கெடுப்பில் ரிசர்வேஷன்களில் வாழும் அமெரிக்க இந்தியர்களில் 5.64 சதவீதம் பேர் விடுபட்டார்கள் என்று கணக்கெடுப்புத் துறையே செய்த பின்னாய்வு சொல்கிறது. 2010இல் அது 4.88. போதாததற்கு, 2020 முதல் தனியுரிமைக்காகச் சிறு பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே இரைச்சல், அதாவது தற்செயலான சிறு மாற்றங்கள், கலக்கிறார்கள். பெரிய மாவட்டத்தில் அது தெரியாது. நானூறு பேர் வாழும் ரிசர்வேஷனில் வயதுவாரியாகப் பார்த்தால் அட்டவணையே கோணலாகிவிடும்.

ஆண்டுதோறும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில் நிலைமை இன்னும் மோசம். எடுத்துக்காட்டாக அட்டவணையின் ஒரு கட்டத்தில் "குழாய்நீர் வசதி இல்லாத வீடுகள் 212, பிழை வரம்பு 140" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பிழை வரம்பு 90 சதவீத நம்பக அளவுக்கானது. அதை 1.645ஆல் வகுத்தால் திட்டப் பிழை சுமார் 85. அதை 212ஆல் வகுத்தால் 40 சதவீதம். உண்மையான எண்ணிக்கை 72ஆகவும் இருக்கலாம், 352ஆகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட எண்ணைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நிதிக்குழு முன் போகாதீர்கள். ஐந்தாண்டுத் தொகுப்பை எடுங்கள். பக்கத்துப் பகுதிகளின் எண்களைச் சேருங்கள். சேர்க்கும்போது பிழை வரம்புகளை நேராகக் கூட்டக்கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படியும் அந்த 40 சதவீதம் 30க்குக் கீழே வராவிட்டால் பழங்குடியின் வீட்டுவசதி அலுவலகமே வீடு வீடாக எண்ணுவது நல்லது. ஆயிரம் வீடுகள் உள்ள ரிசர்வேஷனில் அது நடக்காத காரியமில்லை. தெருவும் வீடும் அவர்களுக்கு அத்துப்படி.

சுகாதாரத் தரவில் இன்னொரு இடைஞ்சல் உடுக்குறி (*). தேசிய அட்டவணைகளில் எல்லா இனத்துக்கும் எண் இருக்கும், அமெரிக்க இந்தியர் வரிசையில் மட்டும் ஒரு உடுக்குறி, அடியில் "மாதிரி போதாது" என்ற குறிப்பு. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பொது இறப்புத் தரவுத்தளம் 1 முதல் 9 வரையிலான எண்ணிக்கையைக் காட்டாது. 20 இறப்புகளுக்குக் கீழே இருந்தால் விகிதத்தை நம்பத்தகாதது என்று முத்திரை குத்திவிடும். தனிமனித ரகசியத்துக்கு இது நியாயமான விதி. ஆனால் ஒரு பழங்குடி அரசு தன் இளைஞர்களின் தற்கொலைச் சாவுகளைப் பற்றிக் கொள்கை வகுக்க உட்காரும்போது, அதன் கையில் உடுக்குறி மட்டும் இருப்பது கொடுமை.

இதற்கு வழி உண்டு. நாட்டில் 12 பழங்குடி நோய்ப்பரவல் மையங்கள் இருக்கின்றன. 2010இல் நிரந்தரமாக்கப்பட்ட அமெரிக்க இந்தியர் சுகாதாரச் சட்டம் அவற்றுக்குப் பொதுச் சுகாதார அதிகார அமைப்பு என்ற தகுதியைத் தந்தது. அதாவது, மாநிலங்களுக்குக் கொடுப்பதுபோல இவற்றுக்கும் கூட்டரசு சுகாதாரத் துறை தரவு கொடுக்க வேண்டும். நடைமுறையில் இழுத்தடிப்பு உண்டு என்பதை அரசுத் தணிக்கை அலுவலகமே 2022இல் பதிவு செய்தது. ஆகவே தரவு கேட்கும் கடிதத்தில் "ஆய்வுக்காக" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கோப்பு ஆய்வு அனுமதி வரிசைக்குப் போய் மாதக்கணக்கில் தூங்கும். பொதுச் சுகாதார அதிகார அமைப்பாகக் கேட்கிறோம் என்று சட்டப்பிரிவைச் சுட்டி எழுதுங்கள். மாநிலத்தின் இறப்புப் பதிவுகளில் இனம் தப்பாகக் குறிக்கப்பட்டிருக்கும். வெள்ளையர் என்றோ ஹிஸ்பானிக் என்றோ எழுதியிருப்பார்கள். பழங்குடி மருத்துவமனையின் நோயாளிப் பட்டியலோடு இணைத்துப் பார்த்தால் விடுபட்டவர்கள் தெரிவார்கள். பெயர், பிறந்த தேதி, பால் ஆகிய மூன்றும் பொருந்தாமல் இணைப்பை ஏற்காதீர்கள்; குடும்பப் பெயர்கள் ஒன்றுபோல இருக்கும் சமூகங்களில் தவறான இணைப்பு எளிதில் நேரும். வெளியிடும்போது ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு வரிசையின் மொத்தத்தை அப்படியே விட்டால் யாரும் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது கட்டம் ஒன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும்.

எண்களைப் பற்றிப் பேசியது போதும். ஆய்வு பெரும்பாலும் சரிவது காகிதத்தில்தான்.

தொடங்குவதற்கு முன் பழங்குடி மன்றத்தின் தீர்மானம் வேண்டும். தலைவரின் கடிதம் போதாது. தேர்தல் வந்து தலைவர் மாறினால் கடிதத்தின் கதை முடிந்துவிடும். மன்றத் தீர்மானம் ரத்து செய்யப்படும்வரை நிற்கும். தீர்மானத்தில் ஆய்வின் கேள்வி, சேகரிக்கும் தரவு, அது எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், வெளியிடுவதற்கு முன் மன்றம் பார்வையிட எத்தனை நாள், எப்போது நிறுத்தலாம், முடிந்ததும் தரவு எங்கே போகும் என்பதெல்லாம் வர வேண்டும். பார்வையிட 60 நாள் கேளுங்கள். மன்றம் மாதத்துக்கு ஒரு முறை கூடுகிற இடத்தில், ஒரு கூட்டத்தில் குறைந்தபட்ச உறுப்பினர் வராமல் போனாலே 30 நாள் ஓடிவிடும். நவஹோ நாட்டில் ஆய்வாளர் முதலில் சாப்டர்கள் எனப்படும் உள்ளூர் ஆட்சி அலகுகளின் ஆதரவுத் தீர்மானம் பெற்றுவிட்டுத்தான் மனித ஆய்வு மறுஆய்வுக் குழுவிடம் போக வேண்டும். கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பும் அதே குழுவிடம் காட்ட வேண்டும். கால அட்டவணை போடும்போது இதற்கு இடம் விடாதவர்கள் நிதி ஆண்டு முடியும்போது தவிப்பார்கள்.

இந்தக் கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் ஹவசுபாய் மக்களுக்கு நடந்ததைப் படிக்க வேண்டும். கிராண்ட் கேன்யனின் அடியில் சுபாய் கிராமத்தில் வாழ்பவர்கள் அவர்கள். 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள், தங்களை வாட்டிய நீரிழிவுக்கு விடை கிடைக்கும் என்று நம்பி. அந்த இரத்தத்தில் மனச்சிதைவு, நெருங்கிய உறவுத் திருமணம், மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியெல்லாம் ஆய்வு நடந்தது. பள்ளத்தாக்கே தங்கள் பிறப்பிடம் என்று நம்பும் மக்களிடம் கேட்காமல் செய்த வேலை இது. 2003இல்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. வழக்கு 2010இல் சமரசமாகி, 41 பேருக்கு 7 லட்சம் டாலரும் இரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. கையெழுத்து வாங்கிய படிவத்தில் நோக்கம் பரந்த சொற்களில் எழுதியிருந்ததுதான் ஓட்டை. நவஹோ நாடு 2002இல் தன் எல்லையில் மரபணு ஆய்வுக்குத் தடை விதித்தது. உங்கள் ஒப்புதல் படிவத்தில் "மற்றும் தொடர்புடைய ஆய்வுகள்" என்ற சொற்கள் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். புதிய கேள்வி எழுந்தால் புதிய ஒப்புதல் வாங்குங்கள். தனிமனிதர் சம்மதித்தாலும் மன்றத்தின் சம்மதம் தனியாக வேண்டும்.

ஆய்வு நெறிமுறைக் குழு வைத்திருக்கும் பழங்குடிகள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பல இடங்களில் நடக்கும் கூட்டாய்வுக்கு ஒரே குழு போதும் என்று 2020 ஜனவரி முதல் கூட்டரசு விதி சொல்கிறது. அப்படியானால் பழங்குடியின் குழு ஓரங்கட்டப்படும். ஆனால் அதே விதியில் ஒரு விலக்கு இருக்கிறது: பழங்குடியின் அதிகாரபூர்வ ஆளும் அமைப்பு நிறைவேற்றிய சட்டம் தனி மறுஆய்வைக் கோரினால், அது செல்லும். சட்டம் என்ற சொல் இங்கே முக்கியம். சுகாதாரத் துறை இயக்குநர் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு இந்த விலக்கைப் பெற்றுத்தராது. ஆகவே ஆய்வு விதித்தொகுப்பை மன்றத்தில் சட்டமாகவே நிறைவேற்றுங்கள். குழுவில் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். ஒருவர் அறிவியல் துறைக்கு வெளியிலிருந்து, ஒருவர் நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர். சிறிய பழங்குடிகள் தனிக்குழு வைக்க முடியாவிட்டால் பக்கத்துப் பழங்குடிகளோடு சேர்ந்து வைக்கலாம். தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் ஆய்வுக்கு 2023 ஜனவரி 25 முதல் தரவுப் பகிர்வுத் திட்டம் கட்டாயம். அந்தத் திட்டத்திலேயே "மன்றத் தீர்மானம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் பகிர்வு" என்று எழுதிவிடுங்கள். பின்னால் கேட்டால் சிக்கல்.

தரவுப் பகிர்வு ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகம் நீட்டும் அச்சுப் படிவத்தை அப்படியே கையெழுத்திடக் கூடாது. அதில் மாநிலச் சட்டம் பொருந்தும் என்று ஒரு வரி இருக்கும், தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு என்று இன்னொரு வரி இருக்கும். பழங்குடி அரசின் மீது அதன் சம்மதமில்லாமல் வழக்குப் போட முடியாது என்பது அதன் இறையாண்மையின் ஒரு பகுதி. 2001இல் ஒக்லஹோமாவின் பொட்டாவட்டோமி பழங்குடி தொடர்பான வழக்கில், கூரை போடும் வேலைக்கான சாதாரண அச்சு ஒப்பந்தத்தில் இருந்த நடுவர் தீர்ப்பு வரியே அந்த உரிமையைக் கைவிட்டதாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வு ஒப்பந்தத்திலும் அதே வரி ஒளிந்திருக்கும். பழங்குடியின் வழக்கறிஞர் படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கூட்டரசு அலுவலகத்துக்கு அனுப்புவதிலும் இதே எச்சரிக்கை. கிளமாத் பழங்குடி தண்ணீர் உரிமை பற்றி உள்துறைக்கு எழுதிய கடிதங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பாசனக்காரர்கள் கேட்டார்கள். கொடுத்தாக வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆலோசனைக் கூட்டத்துக்குப் போகும்போது சுருக்கத்தைக் கொடுங்கள், மூலத்தரவைக் கொடுக்காதீர்கள். வழிபாட்டிடங்கள், மூலிகை பறிக்கும் இடங்கள் ஆகியவற்றின் வரைபடம் பழங்குடி அலுவலகத்தை விட்டு வெளியே போகவே கூடாது.

இத்தனைக்கும் பலன் கிடைக்குமா என்றால், கிடைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1978 ஒலிஃபன்ட் தீர்ப்புக்குப் பிறகு பழங்குடி நீதிமன்றங்களால் அமெரிக்க இந்தியரல்லாதவர் மீது குற்ற வழக்கு நடத்த முடியவில்லை. ரிசர்வேஷனில் மனைவியை அடித்த வெளியாள் பழங்குடி நீதிமன்றத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லாத நிலை. 2013இல் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் குடும்ப வன்முறை போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் அந்த அதிகாரத்தைத் திருப்பித் தந்தது. அதைப் பயன்படுத்திய பழங்குடிகள் கூடிப் பேசி, தங்கள் வழக்கு விவரங்களை ஒரே வடிவில் குறித்துவைத்தன. 2018இல் தேசிய மாமன்றம் அவற்றைத் தொகுத்தது: 18 பழங்குடிகள், 128 பேர் மீது 143 கைதுகள், 74 தண்டனைகள், 5 விடுதலைகள். தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட நீதி மறுக்கப்பட்டதாகக் கூட்டரசு நீதிமன்றத்தை நாடவில்லை. பழங்குடி நீதிமன்றம் நியாயமாக நடக்காது என்று வாதிட்டவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டியதில்லை.

அந்தத் தொகுப்பின் கூர்மையான இடம் வேறு. 58 சதவீத சம்பவங்களில் குழந்தைகள் இருந்தார்கள். ஆனால் 2013 சட்டப்படி குழந்தைக்கு எதிரான குற்றத்தைப் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்க முடியாது. கைது செய்யவந்த காவலரைத் தாக்கினாலும் முடியாது. கட்டத்தை நிரப்பும் எழுத்தர்கள் "குழந்தை உடனிருந்ததா" என்ற ஒரு கேள்வியைத் தவறாமல் குறித்ததால்தான் சட்டத்தின் ஓட்டை எண்ணாகத் தெரிந்தது. 2022இல் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது குழந்தைகள் மீதான வன்முறை, பாலியல் வன்முறை, பின்தொடர்ந்து துன்புறுத்துதல், பழங்குடி நீதித்துறைப் பணியாளரைத் தாக்குதல் எல்லாம் சேர்க்கப்பட்டன. உங்கள் படிவத்தை வடிவமைக்கும்போது சட்டம் இன்று எதை அனுமதிக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். எது வெளியே தள்ளப்படுகிறது என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். கூட்டரசு நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. கூட்டரசின் அமெரிக்க இந்தியர் சுகாதாரச் சேவையின் வரவுசெலவுக் கோரிக்கைகளைப் பழங்குடிகள் சுமார் இரண்டு ஆண்டுக்கு முன்பே எழுதத் தொடங்கிவிடுகின்றன. அந்தக் கோரிக்கைகளை முடிவு செய்யும் கூட்டம் முடிந்த மறுமாதம் கிடைக்கும் அருமையான அறிக்கை அடுத்த ஆண்டுவரை அலமாரியில் கிடக்கும். மன்றத்துக்கு ஒரே பக்கத்தில் கொடுங்கள்: கேள்வி, எண், அதன் பிழை வரம்பு, மன்றம் செய்யக்கூடியது. அறுபது பக்க இணைப்பு ஊழியர்களுக்கு.

ஒப்படைக்கும் வேலையை ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். மூலக்கோப்பு, ஒவ்வொரு பத்தியும் என்ன என்று விளக்கும் குறிப்பேடு, கணக்கிட்ட நிரல், எந்தப் பதிவை ஏன் நீக்கினோம் என்ற பட்டியல் ஆகிய நான்கும் பழங்குடியின் சொந்தச் சேமிப்பகத்துக்குப் போக வேண்டும். பழங்குடி அலுவலக ஊழியர் ஒருவர் தன் கணினியில் உங்கள் உதவியில்லாமல் அறிக்கையின் முதல் அட்டவணையை எடுத்துப் பார்க்கட்டும்; எடுக்க வரவில்லை என்றால் குறிப்பேடு இன்னும் முடியவில்லை. பிறகு உங்கள் பக்கத்து நகல்களை அழித்து, மின்னஞ்சல் இணைப்புகளையும் தானியங்கிக் காப்பு நகல்களையும் உட்பட, எந்தக் கோப்பு எந்த இயந்திரத்திலிருந்து எந்தத் தேதியில் நீக்கப்பட்டது என்று எழுதிய சான்றை மன்றச் செயலரிடம் கொடுங்கள். காப்பு நகல் வைத்திருக்கும் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவின் கையெழுத்தும் அதில் வேண்டும், ஏனென்றால் அந்த நகல் எங்கே இருக்கிறது என்று ஆய்வாளருக்கே பல நேரம் தெரிந்திருக்காது.